கார்க் கேஸ்கட்டும் தோல் சீலும்

சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961-ல் ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. அதன் 948 சிசி இன்ஜின், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினுக்கு நெருங்கிய உறவு. சோழவரம் கார் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் சீறின.

அதன் ஆயில் சம்ப்பில் கசிவைத் தடுத்தது கார்க் கேஸ்கட். அதை மாற்றப் பொறுமை வேண்டும். ஆயிலை வடித்து, சம்ப்பை இறக்கி, ஒட்டிக்கிடக்கும் பழைய கார்க்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். போல்ட் துளையைச் சுற்றித் தகடு பள்ளம் விழுந்திருந்தால், அதைத் தட்டி நேராக்காமல் புது கேஸ்கட் போட்டுப் பயனில்லை. சம்ப் போல்ட் ஏறும் முன்பக்க அலுமினியக் கட்டையில் மரை தேய்ந்துபோவது இந்த இன்ஜினின் தீராத தொல்லை. போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் கார்க் பிதுங்கிக் கிழியும்.

சுழலும் தண்டுகளுக்குக் கார்க் போதாது. செயற்கை ரப்பர் பரவுமுன் பல வண்டிகளில் அந்த இடத்தில் இருந்தது தோல் சீல். எண்ணெய் ஊறிய தோல் தண்டைக் கவ்விப் பிடிக்கும். சூடேறினால் இறுகி வெடிக்கும்.

தோல் என்றதும் நினைவுக்கு வரும் ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக்கு அது பழைய தொழில். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னிந்தியத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் ஷூ தொழிற்சாலைகள் பெருகின. பதனீட்டுக் கழிவு பாலாற்றைப் பாழாக்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.