எலும்பிலிருந்து புரதம்: பிரித்தெடுப்பு முறையின் வளர்ச்சியும் மைசூரு வட்டாரத் தொல்லெலும்புகளும்

முன்னுரை

மைசூருக்குத் தென்கிழக்கே, காவிரியும் கபினியும் கூடும் இடத்தில் உள்ளது தி. நரசிபுரம். 1960-களில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் எம். சேஷாத்ரி அங்கு நடத்திய அகழாய்வில் புதிய கற்கால மனிதர்களின் புதைகுழிகள் வெளிப்பட்டன. அன்று எலும்பு என்பது அளந்து பார்க்கும் பொருள். மண்டையோட்டின் அமைப்பு, இறந்தவரின் வயது, பால் ஆகியவற்றை அதிலிருந்து அறிந்தனர். எலும்புக்குள் தங்கியிருக்கும் புரதத்தையே சான்றாக்கும் முறைகள் பெரும்பாலும் அதற்குப் பின் வளர்ந்தவை. எடுக்கும் எலும்பின் அளவு குறையக் குறைய, கிடைக்கும் செய்தி பெருகியதே இவ்வளர்ச்சியின் உயிர்நாடி என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. சென்னையில் கிடைத்த அடித்தளம்

உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொலாஜன் என்னும் புரதம். எஞ்சியதில் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட் கனிமம். கொலாஜனின் கட்டமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் விளக்கினர். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச்சிறிய அமினோ அமிலம் அமைகிறது. இந்த இறுக்கமும், சுற்றியுள்ள கனிமத்தின் காப்பும் சேர்ந்தே கொலாஜனை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கச் செய்கின்றன. அதே 1954-இல் அமெரிக்காவில் பிலிப் ஏபெல்சன் புதைபடிவங்களில் அமினோ அமிலங்கள் எஞ்சியிருப்பதைக் காட்டினார்.

2. அமிலமும் வெந்நீரும்

புத்தெலும்பைக் கொழுப்பு நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளிர்நிலையில் ஊறவைத்தால் கனிமம் கரைந்துவிடும். எலும்பின் வடிவம் மாறாது. ஆனால் ரப்பரைப் போல விரலால் வளைக்கலாம். திருச்சூர் மாவட்டம் காதிக்குடத்து ஆலையில் ஜெலட்டினுக்கான ஆசீன் (கனிமம் நீங்கிய எலும்பு) எடுப்பதும் இதே வேதியியலால்தான். தொல்லெலும்பில் நிலைமை வேறு. அமிலத்தில் ஊறியபின் சில இழைகளே மிஞ்சலாம். ஒன்றுமே மிஞ்சாமலும் போகலாம். மிஞ்சியதோடு மண்ணின் கரிமப் பொருளும் கலந்திருக்கும்.

இச்சிக்கலுக்குப் பிரான்சின் லோன்ஜான் 1971-இல் வழிகண்டார். கனிமம் நீங்கிய எச்சத்தை மென்மையான அமிலம் கலந்த வெந்நீரில் வைத்தார். கொலாஜன் ஜெலட்டினாகக் கரைய, மாசின் பெரும்பகுதி கரையாமல் தங்கியது. கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்புக்கு எலும்பு நம்பத்தக்க பொருளானதில் இம்முறைக்குப் பெரும்பங்கு உண்டு.

3. கிராமிலிருந்து மில்லிகிராமுக்கு

முடுக்கி நிறை நிறமாலைமானி வந்தபின் மில்லிகிராம் அளவு கொலாஜனே காலக்கணிப்புக்குப் போதுமானதாயிற்று. சிறிய மாதிரியில் சிறு மாசும் பெரும்பிழையாகும் என்பதால் தரச்சோதனை கட்டாயமானது. கொலாஜனின் கரிம–நைட்ரஜன் அணு விகிதம் 2.9-க்கும் 3.6-க்கும் இடையில் இருக்க வேண்டும் என டிநீரோ 1985-இல் வரையறுத்தார். 2009-இல் பக்லி குழுவினர் கொலாஜனை டிரிப்சின் நொதியால் துண்டாக்கி, துண்டுகளின் நிறையைக் கொண்டு விலங்கினத்தை அடையாளம் கண்டனர். ஆட்டெலும்பா, செம்மறி எலும்பா என்று கண்ணால் பிரிக்க முடியாத சில்லுகளுக்கும் இதனால் விடை கிடைத்தது. 2011-இல் அமிலத்தையே தவிர்த்து, அம்மோனியம் பைகார்பனேட் கரைசலில் எலும்பைச் சூடாக்கி, வேண்டிய அளவு புரதத்தை மட்டும் எடுக்கும் முறை வெளியானது.

4. வெப்பநாட்டின் சவால்

இம்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு எலும்புகளில் வளர்ந்தவை. கொலாஜனின் முதற்பகை வெப்பம். மழையும் வறட்சியும் மாறிமாறி வரும் மண்ணில் சிதைவு இன்னும் விரைவாகும். ஆகவே காவிரிக்கரை எலும்பு ஒவ்வொன்றும் புரதம் தரும் என எதிர்பார்க்க இயலாது. எனினும் வழி அடைபடவில்லை. தென்சீனக் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 19 லட்சம் ஆண்டுப் பழமையான ஜைகான்டோபித்தேக்கஸ் என்னும் அழிந்துபோன பெருங்குரங்கின் பல்லின் எனாமலில் புரதங்கள் மீட்கப்பட்டதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது வெப்பம் மிகுந்த நிலம். எலும்பு கைவிடும் இடத்தில் பல் கைகொடுக்கும்.

முடிவுரை

தென்னிந்தியத் தொல்லெலும்புகளுக்கு மூன்று நெறிகள் இன்றியமையாதவை. முதலாவது, சில மில்லிகிராம் தூளில் நைட்ரஜன் அளவைப் பார்த்தபின்னரே பெரிய மாதிரி எடுக்க வேண்டும். இரண்டாவது, எலும்பை உறுதிப்படுத்தப் பூசிய பொருள் எதுவெனப் பதிவேட்டில் எழுத வேண்டும்; விலங்குப் பசையும் கொலாஜனே ஆதலால், அது பழைய புரதமாகத் தோன்றி ஆய்வாளரை ஏமாற்றும். மூன்றாவது, எந்த எலும்பையும் முழுவதும் செலவழிக்கலாகாது. 1960-களில் அளவெடுத்தவர்கள் அறியாத செய்தியை இன்று நாம் படிக்க முடிவது, அவர்கள் எலும்பைப் பாதுகாத்த இடங்களில் மட்டுமே. இனி வரும் முறைகளுக்கும் நாம் அவ்வாறே மிச்சம் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.