பெங்களூரின் அடிக்கோடும் எஃகுச் சங்கிலியும்

வேதியியல் பாடநூல்களின் முதல் இயல் பெரும்பாலும் ஒரே முறையில் தொடங்கும்: பருப்பொருள், அதன் பண்புகள், அளவீடு. மூன்றும் தனித்தனித் தலைப்புகளாக நிற்பதால், அளக்கும் கருவியும் ஒரு பருப்பொருளே என்பது மாணவர் கண்ணில் படுவதில்லை. பெங்களூரில் நடந்த நில அளவையின் வரலாறோ அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், 33ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் லாம்ப்டன், தீபகற்பத்தின் குறுக்கே முக்கோணங்களை அமைத்து அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். முக்கோண அளவையில் கோணங்களை அளப்பதே பெரும்பணி. ஆயினும் ஒரு பக்கமாவது நிலத்தின்மீது நேரடியாக அளக்கப்பட்டாலன்றி ஏனைய பக்கங்களின் நீளம் கிடைக்காது. அந்த அடிக்கோடு 1800இன் இறுதி மாதங்களில் பெங்களூருக்கு அருகே அளக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 7.4 மைல். கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. மெகார்ட்னியின் தூதுக்குழு சீனப் பேரரசருக்கெனக் கொண்டுசென்று, அங்கே மதிக்கப்படாமல் கல்கத்தா வந்துசேர்ந்த பொருள் அது.

முழம் போடுபவரின் கைக்கேற்ப மாறும் என்பதைப் பூக்கடையில் நிற்கும் எவரும் அறிவர். எஃகோ பொழுதுக்கேற்ப மாறும். இரும்புப் பட்டையைக் காய்ச்சி விரிவாக்கி வண்டிச் சக்கரத்தில் மாட்டிய கொல்லருக்கு இது புதிய செய்தியன்று. எவ்வளவு விரிகிறது என்ற எண்தான் அவருக்குத் தேவைப்படவில்லை. லாம்ப்டனுக்குத் தேவைப்பட்டது. 100 அடி எஃகு, ஒரு பாரன்ஹீட் பாகைக்கு ஏறத்தாழ 0.008 அங்குலம் நீளும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். காலைக்கும் நண்பகலுக்கும் 20 பாகை வேறுபாடு எனக் கொண்டால், ஒரு சங்கிலிக்கு அது 0.16 அங்குலம் ஆகும். அதே சங்கிலியை 392 முறை வைத்தால்தான் 7.4 மைல் நிறையும். பிழையோ ஏறத்தாழ 5 அடியாகப் பெருகும்.

ஆகவே சங்கிலி வெறுந்தரையில் கிடத்தப்படவில்லை. முக்காலிகள்மீது மட்டம் பார்த்து வைத்த மரப்பேழைகளுக்குள் கிடத்தி, அருகில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்தனர். பின்னர் எல்லா அளவுகளும் ஒரே வெப்பநிலைக்குத் திருத்தப்பட்டன. நீளத்தை அறிய வெப்பநிலையை அளக்க வேண்டியிருந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே புதிய அடிக்கோடு அளக்கப்பட்டது. அங்கிருந்து முக்கோணங்கள் மேற்கு நோக்கி வந்தன. 1804இல் பெங்களூரில் மீண்டும் ஓர் அடிக்கோட்டை அளந்தவர் ஜான் வாரன். தென்னிந்திய நாட்கணிப்பு முறைகளை ஆராய்ந்து 1825இல் காலசங்கலிதம் வெளியிட்டவரும் இவரே. தமிழாய்வாளர் இவரை அந்நூலோடு மட்டும் நிறுத்திவிடுவது குறையே. சென்னையிலிருந்து கணக்கிட்ட நீளத்துக்கும் பெங்களூரில் நேரில் அளந்த நீளத்துக்கும் இடையிலான வேறுபாடு 3.7 அங்குலம் மட்டுமே.

1868 அளவில் பெங்களூர் அடிக்கோடு மறுபடியும் அளக்கப்பட்டபோது சங்கிலி கைவிடப்பட்டிருந்தது. கோல்பி வடிவமைத்த 10 அடிச் சட்டங்கள் அதன் இடத்துக்கு வந்தன. இரும்பும் பித்தளையும் இணையாக அமைந்த அவற்றில், பித்தளை கூடுதலாக விரிவதையே கொண்டு, முனைகளிலுள்ள இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு மாறாதபடி செய்திருந்தனர். வெப்ப விரிவைக் கணக்கில் திருத்துவதற்கு மாறாக, அதைக் கருவிக்குள்ளேயே ஈடுசெய்யும் முயற்சி இது. ஆனால் இரு உலோகங்களும் ஒரே வேகத்தில் சூடாவதோ குளிர்வதோ இல்லை என்பது களத்தில் தெரிந்தது. எனவே இச்சட்டங்களையும் கூடாரங்களின் நிழலில் வைத்தே அளக்க வேண்டியிருந்தது.