பார்சலில் வந்தது டைனோசர் பல்தானா?



அண்ணன் மகனின் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் ஒரு "டைனோசர் பல்" வாங்கிக் கொடுத்தேன். மொராக்கோவிலிருந்து வந்தது என்று போட்டிருந்தார்கள். இரண்டு நாள் அவன் அதைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. பள்ளிக்கு எடுத்துப்போகும் முன் நிலவியல் படித்த நண்பர் ஒருவரிடம் காட்டினோம். "பல் அசல்தான். ஆனால் டைனோசருடையது இல்லை" என்றார். அது மொசாசர் என்ற கடல்வாழ் ஊர்வனத்தின் பல். டைனோசர் காலத்தில் வாழ்ந்ததுதான், ஆனால் இனம் வேறு. பையனின் முகம் வாடிவிட்டது. அவனைத் தேற்றுவதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். இந்தத் தவறு நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1677-ல் இங்கிலாந்தின் ராபர்ட் பிளாட், ஆக்ஸ்போர்டு பகுதியில் கிடைத்த ஒரு பெரிய தொடை எலும்பின் அடிப்பாகத்தைப் படம் வரைந்து தம் நூலில் வெளியிட்டார். ரோமானியர் கொண்டுவந்த யானையாக இருக்குமோ என்று யோசித்து, கடைசியில் ராட்சத மனிதனின் எலும்பு என்று முடிவு செய்தார். "டைனோசர்" என்ற சொல்லே 1842-ல்தான் பிறந்தது. அவர் என்ன செய்வார்? எலும்பு தொலைந்துவிட்டது. படம் தப்பியதால், அது மெகலோசாரஸ் என்ற டைனோசருடையதாக இருக்கலாம் என்று இன்று கருதுகிறார்கள்.

நம் அரியலூருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அங்கே கிடைத்த எலும்புகளை 1979-ல் இரண்டு இந்திய ஆய்வாளர்கள் முதுகில் தகடுகள் கொண்ட டைனோசர் என்று அறிவித்து, "திராவிடோசாரஸ்" எனப் பெயர் சூட்டினார்கள். 1996-ல் சங்கர் சாட்டர்ஜியும் சக ஆய்வாளரும் அவை கடலில் வாழ்ந்த பிளீசியோசரின் எலும்புகள் என்றார்கள். எலும்பு கையில் இருந்தும், எடுத்த இடம் தெரிந்திருந்தும் நிபுணர்களிடையே இவ்வளவு கருத்து வேறுபாடு! அப்படியிருக்க, செல்போனில் ஒரு படத்தைப் பார்த்து நாம் எப்படி முடிவு செய்வது?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை" என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. நிபுணர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரிகளைச் சுற்றிப் படிவு இறுகி உருவான கற்கள் என்றார்கள். அந்தப் பகுதி ஒருகாலத்தில் கடலாக இருந்தது. அது தெரிந்தவருக்கு முட்டை என்றதுமே சந்தேகம் வந்திருக்கும்.

இவையெல்லாம் அறியாமல் நடந்தவை. வியாபாரத்தில் வேறு மாதிரியும் நடக்கும். சீனாவிலிருந்து கடத்தப்பட்டு, அமெரிக்காவின் டூசான் கண்காட்சியில் 80,000 டாலருக்கு விற்ற ஒரு படிவத்தை, பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட உயிர் என்று 1999-ல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் வெளியிட்டது. பிறகுதான் குட்டு வெளிப்பட்டது: ஒரு பறவையின் உடலோடு ஒரு சிறு டைனோசரின் வாலை ஒட்டியிருந்தார்கள். துண்டுகள் எல்லாம் அசல், ஒட்டுவேலைதான் பொய்.

ஆகவே வாங்குமுன் சிலவற்றைக் கவனியுங்கள். முதல் கேள்வி, எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு? "மொராக்கோ" என்பது மட்டும் போதாது. கூரிப்கா பாஸ்பேட் சுரங்கம் என்றால் அது கடல் படிவு. மொசாசர் பற்கள் அங்கே ஏராளம். கெம் கெம் என்றால் ஸ்பைனோசாரஸ் பல்லாக இருக்கலாம்; ஆனால் முதலைப் பற்களும் அதே இடத்தில் கிடைக்கின்றன. இரண்டாவது, அளவுகோல் வைத்து எல்லாப் பக்கமும் எடுத்த படம் கேளுங்கள். வேர்ப்பகுதியில் பசையும் மணலும் பூசியிருக்கிறதா, வரிகள் பாதியில் அறுந்து வேறு நிறம் தொடங்குகிறதா என்று பாருங்கள். தாடையோடு வரும் பற்களில், தனித்தனிப் பற்களைச் செயற்கைக் கல்லில் பதித்தவை அதிகம். மூன்றாவது, முட்டை என்றால் ஓடு எங்கே? ஓட்டின் தடயமே இல்லாத வழவழப்பான உருண்டை பெரும்பாலும் வெறும் கல்தான். சட்டத்தையும் மறக்க வேண்டாம்: சீனா, மங்கோலியா, பிரேசில் நாடுகளில் புதைபடிவங்கள் அரசின் சொத்து. அங்கிருந்து வந்ததாகச் சொன்னால் உரிய அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இத்தனையும் கேட்டபின் பதில் வரவில்லையா? வாங்க வேண்டாம். எடுத்த இடம் தெரியாவிட்டால், ராபர்ட் பிளாட் செய்த தவறை நாளை யாராலும் திருத்த முடியாது.

எங்கள் வீட்டுப் பல்லை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. பெட்டியில் இருந்த பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, பையனே புதிதாக எழுதி ஒட்டினான்: "மொசாசர் பல். மொராக்கோ. ஊர் தெரியாது. டைனோசர் இல்லை." பள்ளிக்கு அதைத்தான் கொண்டுபோனான்.