பட்டுப்பூச்சியின் முட்டை: மரபியல் வரலாறு

காஞ்சிபுரத்தில் தறி உண்டு, சாயப் பட்டறை உண்டு, பாவு நீட்டும் தெருக்களும் உண்டு. பட்டுப்புழு மட்டும் இல்லை. ஊரின் நூல் தேவையில் பெரும்பகுதி நெடுங்காலமாகக் கர்நாடகத்திலிருந்து வந்தது. பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரே ஆனாலும், பாவுக்குப் போகும் இழை அறுந்து அறுந்து வருமா, ஒரே சீராக ஓடுமா என்பது நெசவாளர் கைக்கு வருவதற்கு வெகு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. முடிவாகும் இடம் தாய்ப் பூச்சியின் சூற்பை. தென்னிந்தியாவில் நீண்ட, சீரான இழை தரும் வெண்பட்டு காலூன்ற ஒரு நூற்றாண்டு பிடித்ததற்கு வெயிலையும் விவசாயியின் அறியாமையையும் காரணம் காட்டுவது வழக்கம். சான்றுகளைப் பார்த்தால் முதன்மையான தடை முட்டையின் மரபியலில்தான் இருந்தது.

கருமுட்டை உருவாகும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். பெண் பூச்சிக்கு இரண்டு சூற்பைகள். ஒவ்வொன்றிலும் நான்கு குழல்கள். ஒரு மூலச் செல் மூன்று முறை பிரிந்து எட்டுச் செல்களாகிறது. அவற்றில் ஒன்றே கருமுட்டை ஆகும். மற்ற ஏழும் செவிலிச் செல்கள், தங்களிடமுள்ள ஆர்.என்.ஏ.வையும் புரதங்களையும் அந்த ஒன்றுக்கு ஊட்டிவிட்டு அழிந்துபோகும். மஞ்சள்கருவுக்கான புரதம் தாயின் கொழுப்புத் திசுவிலிருந்து இரத்தத்தின் வழியே வந்து சேர்கிறது. ஆகவே ஆணின் விந்து நுழையும் நேரத்தில் முட்டைக்குள் இருப்பது அநேகமாக எல்லாமே தாயின் மரபணுக்கள் எழுதிவைத்தவை. இன்னொரு விசித்திரமும் உண்டு. பட்டுப்பூச்சியில் பெண்ணுக்குத்தான் இருவேறு பால் குரோமோசோம்கள் (இசட், டபிள்யூ). ஆணுக்கு இரண்டும் இசட். கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்களிடையே குறுக்கேற்றம் நடப்பதில்லை என்பதை 1910களில் யோஷிமாரோ தனாகா காட்டினார். தாய்வழி வரும் ஒவ்வொரு குரோமோசோமும் உடையாமல் முழுசாக வந்து சேரும். புது இனம் உருவாக்குபவருக்கு இது வசதியும் தொல்லையும்.

முட்டை தாயின் உடைமை என்பதை மரபியலாக நிறுவியவர் கமேதாரோ தோயாமா. சயாம் அரசின் பணியில் இருந்தபோது அந்நாட்டு மஞ்சள் கூட்டு இனத்தை ஜப்பானிய இனங்களோடு கலந்து, மெண்டலின் விதிகள் பட்டுப்பூச்சிக்கும் பொருந்துவதை 1906இல் வெளியிட்டார். சில பண்புகள் மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை. முட்டையின் நிறமும், அது உடனே பொரியுமா, வளர்ச்சியை நிறுத்தி உறங்குமா என்பதும் குஞ்சின் மரபைப் பின்பற்றாமல் தாயின் மரபைப் பின்பற்றின. மெண்டல் விகிதம் வந்தது, ஆனால் ஒரு தலைமுறை தாமதமாக. 1913இல் தோயாமா இதைத் தாய்வழி மரபு என்று விளக்கினார். இதன் உடலியல் பின்னால் வந்தது. 1951இல் ஹசெகாவாவும் ஃபுகுடாவும் தனித்தனியே கண்டது: தாயின் உணவுக்குழாய்க்குக் கீழுள்ள நரம்புத்திரள் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அது வளரும் கருமுட்டைகளைத் தொட்டால் அவை இடப்பட்டபின் உறங்கிவிடும்.

இந்த உறக்கம்தான் நம் பக்கத்துச் சிக்கல். ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் பைவோல்டின் இனங்களே சுமார் ஆயிரம் மீட்டர் வெண்ணிழை தரும். அவற்றின் முட்டை உறங்கும். மைசூர் நாட்டு இனத்தின் முட்டை பத்து நாளில் தானே பொரியும். இழையோ அதில் பாதிகூட வராது. மல்பெரி ஆண்டு முழுக்கத் தழைக்கும் இடத்தில் ஐந்தாறு அறுவடை எடுக்கும் குடியானவர் எந்த முட்டையை வாங்குவார்? 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்த கொள்ளேகாலத்தில் வளர்ந்ததும் நாட்டு இனமே. அதை அறியாமை என்பது அநியாயம்.

வெயில்தானே காரணம் என்று கேட்கலாம். வெயிலுக்குப் பங்கு உண்டு; அது புழுவை நலிய வைக்கும், நோயைப் பெருக்கும். ஆனால் முட்டை விஷயத்தில் அது வேலை செய்யும் வழி நாம் நினைப்பதற்கு எதிரானது. பைவோல்டின் தாய், தானே முட்டைக்குள் கருவாக இருந்தபோது 15 டிகிரி குளிரும் இருட்டும் கண்டிருந்தால் உறங்காத முட்டையை இடும்; 25 டிகிரி சூடும் வெளிச்சமும் கண்டிருந்தால் உறங்கும் முட்டையை இடும். வெப்பநாட்டில் அது உறங்கும் முட்டையைத்தான் இட்டுக்கொண்டிருக்கும். எனவே வெயிலும் கடைசியில் தாயின் சூற்பை வழியாகவே பேசுகிறது.

அமிலத்தில் முக்கினால் உறக்கம் கலையுமே என்பது அடுத்த மறுப்பு. கலையும். இட்டு சுமார் 20 மணி நேரமான முட்டைகளை 46 டிகிரி சூட்டிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் பொரிந்துவிடும். ஆனால் அமிலத்தின் அடர்த்தியும் நேரமும் பிசகினால் முட்டை சாகும். குளிர்சாதனமும் பயிற்சி பெற்ற ஆட்களும் கொண்ட முட்டை உற்பத்தி நிலையங்கள் பெருகும் வரை இது ஏட்டு அறிவுதான். அதற்கு முன் தென்னிந்தியா எடுத்த வழி மரபியலையே பயன்படுத்தியது: மைசூர் இனத்துப் பெண்ணை பைவோல்டின் ஆணோடு சேர்ப்பது. தாய் நாட்டு இனம் என்பதால் முட்டை தானே பொரியும். தந்தையின் பங்கால் இழை நீளும். பெண்ணையும் ஆணையும் மாற்றிப் போட்டால் அதே கலப்பினம்தான், ஆனால் முட்டை உறங்கிவிடும். அப்படியானால் தந்தைக்கும் பங்கு உண்டே என்றால், கூட்டில் உண்டு, முட்டையில் இல்லை. அந்தக் கலப்பினத்தின் கூடு மஞ்சளாக வருவதும் பெரிய குறையல்ல. பிசின் போக்கும்போது நிறம் பெரும்பாலும் கழன்றுவிடும், காஞ்சியில் எப்படியும் சாயம் ஏறப்போகிறது. உறுத்துவது இழையின் சீர்மைதான்.

தாய்வழியே நல்லதோடு கெட்டதும் வரும். பெப்ரைன் நோயின் கிருமி கருமுட்டைக்குள்ளேயே புகுந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது. 1865 முதல் இதை ஆராய்ந்த பாஸ்டர் சொன்ன பரிகாரம், ஒவ்வொரு தாயையும் தனியே முட்டையிடவிட்டு, பின் அந்தத் தாயை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. கிருமி தெரிந்தால் அதன் முட்டைகளை அழிப்பது. இன்று தமிழக விவசாயி வாங்கும் நோயற்ற முட்டைத் தொகுதிக்குப் பின்னாலும் இதே சோதனைதான் நிற்கிறது.

மைசூரிலுள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் 1990களில் ஜப்பானிய ஒத்துழைப்போடு சி.எஸ்.ஆர். வரிசை பைவோல்டின் இனங்களைத் தந்தபின் நிலைமை மாறியது. கொள்ளேகாலத்தை மைசூருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஓசூர்ப் பக்கம் புதிதாகத் தொடங்கிய தமிழ்நாட்டுக்கு மஞ்சள் பட்டின் பழக்கம் குறைவு என்பதே அனுகூலமாயிற்று என்று கருத இடமுண்டு. வெண்பட்டுக்கு இங்கு எதிர்ப்பு அதிகம் இருக்கவில்லை. இப்போது பரவலாக வளர்க்கப்படும் இரட்டைக் கலப்பினத்தில் இரு பெற்றோரும் கலப்பினங்களே. அதன் பயன் புழுவுக்கு முன் தாயிடம் தெரிகிறது: கலப்பினத் தாய், தூய இனத் தாயைவிட அதிக முட்டை இடுகிறது, முட்டை விலையும் அதனால் கட்டுக்குள் நிற்கிறது.