'விரும்பினார்கள்'னு எழுதலாமா?

தீஸிஸ்ல ஒரு வரி: "பெண்கள் இந்த வேலையை விரும்பினார்கள்." எழுதிட்டு நிமிர்ந்தா, ஆலிஸ் கெஸ்லர்-ஹாரிஸ் ஞாபகம் வந்துட்டார்.

1941ல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் 1968ல் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆய்வு, 1890களின் நியூயார்க் யூதத் தொழிலாளர்களைப் பற்றி. பெண் தொழிலாளர் பக்கம் திரும்பினது அதுக்கப்புறம்தான். சம்பளத்துக்கு உழைத்த அமெரிக்கப் பெண்களின் வரலாறான 'அவுட் டு வொர்க்' 1982ல் வந்தது.

அப்புறம்தான் வந்தது வினை. சியர்ஸ் கடைகளில் நல்ல கமிஷன் கிடைக்கிற விற்பனை வேலைகள் பெரும்பாலும் ஆண்களுக்கே போச்சுன்னு அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 1979ல் வழக்குப் போட்டது. பெண்களுக்கு அதில் ஆர்வம் குறைவுன்னு கம்பெனி சொன்னது. அதற்குச் சாட்சி ரோசலிண்ட் ரோசன்பெர்க். அவரும் பெண்கள் வரலாறு எழுதுறவர்தான்! ஆணையத்தின் சாட்சி ஆலிஸ். வாய்ப்பு கிடைத்தபோதெல்லாம் பெண்கள் அந்த மாதிரி வேலைகளையும் செய்திருக்காங்கன்னார். அவர் எழுதின வரிகளையே எடுத்து அவருக்கு எதிரா நீட்டினாங்க. 1986ல் தீர்ப்பு சியர்ஸுக்குச் சாதகம். 1988 மேல்முறையீட்டிலும் அதேதான்.

மனுஷி ஓயலை. சட்டங்களும் சமூகக் காப்பீடும் 'சம்பாதிக்கிறவன் ஆண்'ங்கிற நினைப்பிலேயே எப்படி உருவாச்சுன்னு 2001ல் 'இன் பர்சூட் ஆஃப் ஈக்விட்டி' எழுதினார். 2002ல் பான்கிராஃப்ட் பரிசு.

நம்ம வரி எந்தக் கோர்ட்டுக்கும் போகாதுங்க :-) ஆனாலும் 'விரும்பினார்கள்'ஐ அடிச்சுட்டேன். "பெண்களுக்கு இந்த வேலைதான் கிடைத்தது." இப்போ சரியா இருக்கா, சொல்லுங்க மக்களே.