கந்தையும் காந்தாவும்: வங்கக் குழந்தையின் முதல் விரிப்பு

1984-ஆம் ஆண்டு. கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். என் மகள் பிறக்க இரண்டு மாதம் இருக்கையில், பக்கத்து வீட்டு மாஷிமா (நம் வழக்கில் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளலாம்) வந்து, "உன் அம்மாவோட பழைய நூல் சேலை இரண்டு மூன்று இருந்தால் கொடு" என்று கேட்டார். பிரசவத்துக்குத் துணையாகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு ஒரே சங்கடம். "பழசையா கேக்காவ? புதுசா ஒண்ணு எடுத்துக் கொடுத்திரலாமே!" என்றார். நான் வங்காளியில் சொன்னதும் மாஷிமா சிரித்துவிட்டார். "புதுத் துணி குழந்தையைக் குத்தும். வருஷக்கணக்காகத் துவைத்து மெத்தென்று ஆனதுதான் வேண்டும்" என்றார். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. நம் ஊரிலும் பிறந்த பிள்ளையைத் தாத்தாவின் பழைய வேட்டியில்தானே ஏந்துகிறோம்? தூளி கட்டுவதும் பழைய சேலையில்தானே?

அந்தச் சேலைகள்தான் என் மகளுக்குக் காந்தா ஆயின.

காந்தா என்ற சொல் நமக்கு அந்நியமன்று. வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்ட பழந்துணி. நாம் 'கந்தை' என்பதும் அதன் உறவே. ஆனால் நம் பேச்சில் கந்தை வறுமையின் அடையாளமாக நின்றுவிட்டது. வங்கத்திலோ அது ஒரு கலையின் பெயராயிற்று.

செய்முறை எளிது. துவைத்து உலர்த்திய பழஞ்சேலைத் துண்டுகளை மூன்று நான்கு அடுக்காகத் தரையில் விரிப்பார்கள். சுருக்கமில்லாமல் நீவி, நான்கு மூலையிலும் கனம் வைத்து, ஓரங்களை முதலில் இணைப்பார்கள். பிறகு முழுவதும் ஓட்டுத் தையல்தான். நூல்கூடக் கடையில் வாங்குவதில்லை. சேலைக் கரையிலிருந்து உருவிய சிவப்பு, நீல இழைகளே போதும். நெருக்கமாகத் தைக்கத் தைக்கத் துணி லேசாகச் சுருங்கி, குளத்து அலைபோல நெளியும். அலங்காரக் காந்தாவில் நடுவே தாமரையும், மூலைகளில் மரமோ மாங்காய் வடிவமோ வரும். குளிருக்குப் போர்த்தும் கனத்த காந்தாவுக்கு 'லேப்' என்று பெயர். புத்தகம் சுற்றவும், கண்ணாடியும் சீப்பும் வைக்கவும், தலையணைக்கு உறையாகவும் தனித்தனிக் காந்தாக்கள் உண்டு.

இதன் பழமை எவ்வளவு? காந்தா பற்றி எழுதியோர் கிருஷ்ணதாஸ் கவிராஜரின் 'சைதன்ய சரிதாமிருத'த்தைச் சுட்டுவர். துறவியாகிப் புரியில் தங்கிவிட்ட சைதன்யருக்கு (1486–1534), தாய் சசிதேவி யாத்திரிகர் கையில் ஒரு காந்தா கொடுத்தனுப்பினார் என்பது செய்தி. எல்லாவற்றையும் துறந்த மகனுக்கும் தாயின் பழந்துணி போய்ச் சேர்ந்திருக்கிறது!

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஹூக்ளிக் கரையின் சாத்காவ்ப் பகுதியிலிருந்து போர்த்துகீசியர் பூவேலைப் போர்வைகளை வாங்கிச் சென்றனர். அவை வெள்ளைப் பருத்தியில் டசர் பட்டு நூலால் விற்பனைக்கென்றே செய்யப்பட்டவை. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றும் அவற்றைக் காணலாம். வீட்டுப் பெண்கள் தைத்தவற்றுக்கோ வெகுகாலம் மதிப்பில்லை. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) கிராமம் கிராமமாகச் சென்று அவற்றைத் திரட்டினார். அத்தொகுப்புக்காகக் கல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் 1963-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இல் காந்தா பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். 1947-இல் நாடு பிரிந்தபோது காந்தாவுக்குப் பேர்போன ஜெசோர், குல்னா, ஃபரீத்பூர் எல்லாம் எல்லைக்கு அப்பால் போயின. 2008-இல் மேற்கு வங்க நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று காந்தா வேலை புதுப் பட்டுச் சேலையிலும் கடையில் விற்கிறது.

ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் இருப்பவை பெரும்பாலும் பெட்டியில் பத்திரமாக வைத்தவை. குழந்தைக்குத் தைத்த காந்தாவோ தினமும் நனைந்து, துவைத்து, வெயிலில் காய்ந்து, அடுத்த குழந்தைக்கும் உழைத்து, கடைசியில் கைப்பிடித் துணியாகி மறைந்துவிடும். வீட்டுக்கு வீடு தைத்த காந்தாவுக்குத்தான் சான்று மிகக் குறைவு! தைத்தவள் பெயரும் அதோடு போயிற்று. ஜோக்காத் தொகுப்பில் மானதாசுந்தரி தாசி என்பவர், தம் தந்தைக்காகத் தம் கையால் செய்ததாக நூலாலேயே எழுதிவைத்த காந்தா ஒன்று உண்டு. அப்படிப் பெயர் பொறித்தவர் சிலரே.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மாஷிமா தைத்தது மூன்று. இரண்டு உழைத்தே தீர்ந்தன. மிஞ்சிய ஒன்றில் அம்மாவின் சுங்குடிச் சேலைப் புள்ளிகள் மங்கலாகத் தெரிகின்றன. அம்மாவும் இல்லை, மாஷிமாவும் இல்லை. திருநெல்வேலிச் சேலை, வங்காளத் தையல் என்று அதைப் பார்த்து யாருக்குத் தெரியும்? போன வருஷம் ஒரு வெள்ளைத் துண்டில் இருவர் பெயரையும், 1984 என்ற ஆண்டையும் எழுதிப் பின்பக்கம் தைத்து வைத்தேன்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் இப்படி எத்தனையோ துணிகள் இருக்கும். பழைய நூல் சேலைகளைப் பாத்திரக்காரருக்குப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள். வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறதா? நான்கு அடுக்கு மடித்து, நேர்த்தையல் போட்டாலே போதும். மூலையில் பெயரையும் ஆண்டையும் தைக்க மறக்காதீர்கள்.