பெயர் அழிக்காத சாக்கும் லினக்ஸ் கெர்னலும்



பி.காம். படிக்கிறவனுக்கு கெர்னலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் கணக்கு எழுதுகிற கதைதான்.

எங்கள் குடவாசல் பக்கம் நெல் பிடிக்கும் சாக்கு பல கை மாறும். மேலே எழுதிய பழைய பெயரை அழிக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? இவர் நெல் அவர் கணக்கில் ஏறிவிடும். கணினி மெமரியிலும் இதே தகராறு நடந்திருக்கிறது.

லினக்ஸ் கெர்னல் மெமரியை பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. பக்கம் பூட்டியிருக்கிறதா, அதில் ஏதாவது மாறியிருக்கிறதா என்பதை அதிலுள்ள ஃப்ளாக்குகள் சொல்லும். பக்கம் திரும்பி வரும்போது இருக்கக் கூடாத ஃப்ளாக் மிச்சம் இருந்தால் அது பிழை.

2007-ல் ஐ.பி.எம்.மின் பல்பீர் சிங்கும், பாவெல் எமெலியானோவும் ஒரு நிரல் எழுதினார்கள். எந்தக் குழு எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று கணக்கு வைப்பது அதன் வேலை. இன்று டாக்கர் கன்டெய்னருக்கு மெமரி வரம்பு வைக்கிறோமே, அதன் வேர் இதுதான். இதற்காக 'இந்தப் பக்கம் யார் கணக்கு' என்று காட்டும் பாயின்டர் ஒன்று அந்தக் குறிப்பில் சேர்ந்தது.

பக்கம் திரும்பும்போது இந்தப் பாயின்டர் அழிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனையும் இருந்தது. ஆனால் டீபக் வசதியோடு கட்டிய கெர்னலில் மட்டும்தான் அது ஓடும். நம்மைப் போன்றவர்கள் கணினியில் ஓடாது! பழைய பாயின்டரோடு பக்கம் அடுத்த கைக்குப் போனால் மெமரியே கெடலாம்.

2008 மார்ச்சில் ஹ்யூ டிக்கின்ஸ் இதைத் திருத்தினார். எல்லாக் கெர்னலிலும் சோதனை நடக்கும். பாயின்டர் மிச்சமிருந்தால் 'பேட் பேஜ் ஸ்டேட்' என்று எச்சரித்துவிட்டு அதை அழித்துவிடும். ஏப்ரலில் 2.6.25 இந்தத் திருத்தத்தோடு வெளிவந்தது.

கதை இங்கே முடியவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் சோதிக்க நேரம் செலவாகிறதே! 2023-ல் விளாஸ்டிமில் பாப்கா இந்த வகைச் சோதனைகளைக் குறைத்தார். டீபக் அல்லது பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றை இயக்கினால்தான் இப்போது அவை நடக்கும்.

ஆடிட்டிங் வகுப்பில் படிப்போமே, எல்லா ரசீதையும் பார்ப்பதா, சிலவற்றை மட்டும் பார்ப்பதா என்று? அதே கேள்விதான். இருவர் செய்ததிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சோதனையை நிறுத்தினால் தவறு நின்றுவிடாது, கண்ணில் படாது, அவ்வளவுதான். நீங்கள் எந்தப் பக்கம்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.